யூஎஸ்பி வட்டைச் செருகினால் ரூட்டர் தானே அமைத்துக்கொள்ள வேண்டும்: எக்ஸ்ட்ரூட்டைத் தானியங்கியாக்குவது எப்படி?

#1 கம்பிமுனை

வணக்கம். ரூட்டர்களுக்கான திறமூல இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி ஓடும் ஒரே மாதிரியான ரூட்டர்கள் சிலவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ரேம், ஒரு யூஎஸ்பி 2.0 போர்ட் உள்ளன. ஃபெர்ம்வேர் போக எஞ்சும் இடம் சொற்பம் என்பதால், விளம்பரத் தடுப்பு, தனி டிஎன்எஸ் சர்வர், போக்குவரத்துப் புள்ளிவிவரம் ஆகியவற்றுக்கான பேக்கேஜ்களை அதில் நிறுவ முடிவதில்லை. ஆகவே பென்டிரைவை எக்ஸ்ட்ரூட்டாக, அதாவது ரூட்டரின் எழுதக்கூடிய ரூட் பகுதியாகவே, பயன்படுத்தி வருகிறேன்.

கையால் செய்வதில் எனக்குச் சிரமம் இல்லை. வட்டை இஎக்ஸ்டி4 ஆக பார்மட் செய்து, அதன் யூயூஐடியை (தனி அடையாள எண்ணை) எஃப்எஸ்டேப்பில் (எந்த வட்டை எங்கே இணைப்பது என்னும் அமைப்புக் கோப்பில்) குறித்து, ஓவர்லேயில் (ரூட்டரின் எழுதக்கூடிய அடுக்கில்) இருப்பதை வட்டுக்கு நகலெடுத்து, ரூட்டரை மறுதொடக்கம் செய்தால் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் பென்டிரைவ் பழுதாகும்போது அந்த இடத்தில் நான் இருப்பதில்லை. அங்கே இருப்பவர்களுக்குக் கட்டளைச் சாளரம் பழக்கமில்லை. புதிய பென்டிரைவைச் செருகி, மின் இணைப்பைத் துண்டித்து மீண்டும் கொடுத்தால், மற்றவற்றை ரூட்டரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

ஃபெர்ம்வேர் இமேஜைத் தொகுக்கும் இமேஜ் பில்டரில், முதல் பூட்டில் ஓடும் யூசிஐ-டிஃபால்ட்ஸ் ஸ்கிரிப்ட் ஒன்றைச் சேர்த்து, எஸ்டிஏ என்னும் (லினக்ஸில் முதலில் தென்படும்) வட்டை பார்மட் செய்து, நகலெடுத்து, மறுதொடக்கம் செய்யும்படி எழுதலாம் என்று நினைக்கிறேன். இதில் கவனிக்க வேண்டியவை எவை?

#2 அடுக்கு

உங்கள் திட்டம் மேசைமேல் வைத்துச் சோதிக்கும்போது வேலை செய்யும். தொலைவில் இருக்கும் ரூட்டரில் அது எங்கெங்கே இடறும் என்று பார்ப்பதற்கு முன், பூட் ஆகும் வரிசையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது.

ஃபிளாஷில் இரண்டு அடுக்குகள் உள்ளன. கீழே படிக்க மட்டுமே முடிகிற ஸ்குவாஷ்எஃப்எஸ். மேலே எழுதக்கூடிய அடுக்கு, இது நார் ஃபிளாஷ் என்றால் ஜேஎஃப்எஃப்எஸ்2, நாண்ட் ஃபிளாஷ் என்றால் யூபிஐஎஃப்எஸ். இவ்விரண்டையும் ஓவர்லேஎஃப்எஸ் ஒன்றாக்கிக் காட்டுகிறது. எக்ஸ்ட்ரூட் செய்வதெல்லாம் மேல் அடுக்கை யூஎஸ்பி வட்டுக்கு மாற்றுவது மட்டுமே. பூட்டின் தொடக்கக் கட்டத்தில் மவுண்ட்ரூட் என்னும் நிரல் முதலில் உள் ஃபிளாஷின் மேல் அடுக்கைத் திறந்து, அங்கே இருக்கும் எஃப்எஸ்டேப்பைப் படித்து, அதில் ஓவர்லேக்கு வெளி வட்டு குறிக்கப்பட்டிருந்தால் அதை மவுண்ட் செய்கிறது, அதாவது கோப்பு அமைப்பில் இணைக்கிறது. ஆகவே எஃப்எஸ்டேப் மட்டுமல்லாமல் பிளாக்-மவுண்ட், கேமாட்-யூஎஸ்பி-ஸ்டோரேஜ், கேமாட்-எஃப்எஸ்-இஎக்ஸ்டி4 ஆகிய பேக்கேஜ்களும் ஃபிளாஷிலேயே இருந்தாக வேண்டும். இவற்றை வட்டில் மட்டும் வைப்பது பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டுவதற்குச் சமம்.

இப்போது உங்கள் ஸ்கிரிப்டுக்கு வருவோம். யூசிஐ-டிஃபால்ட்ஸ் ஸ்கிரிப்டுகள் பூட்டின் மிக முந்தைய கட்டத்தில் ஓடுகின்றன. 0 என்று முடிந்தால் ஸ்கிரிப்ட் அழிக்கப்படும்; வேறு எண்ணுடன் முடிந்தால் அது அப்படியே இருந்து அடுத்த பூட்டிலும் ஓடும். அந்தக் கட்டத்தில் யூஎஸ்பி வட்டு கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) தெரிந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஸ்கிரிப்டுக்குள் காத்திருப்பு வைத்தால் முழு பூட்டும் அங்கேயே நின்றுவிடும்.

அதைவிடச் சிக்கலானது ஒன்று உண்டு. உங்கள் ரூட்டரில் 16 எம்பி என்பதால் அது நார் ஃபிளாஷாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புதிதாக ஃபிளாஷ் செய்த பின் வரும் முதல் பூட்டில் ஜேஎஃப்எஃப்எஸ்2 பகுதி இன்னும் தயாராகியிருக்காது. அதனால் மேல் அடுக்கு தற்காலிகமாக ரேமில் இருக்கும். பூட்டின்போது இனிட் ஸ்கிரிப்டுகள் வரிசை எண்படி ஓடும்; எண் 95 கொண்ட 'டன்' என்னும் இனிட் ஸ்கிரிப்ட் ஓடும்போதுதான் ஜேஎஃப்எஃப்எஸ்2க்கு மாறும் வேலை தொடங்குகிறது. அதற்குமுன் நீங்கள் ஓவர்லேயை நகலெடுத்து மறுதொடக்கமும் செய்துவிட்டால், எஃப்எஸ்டேப்பில் எழுதியது ஃபிளாஷை எட்டாமலே போய்விடலாம். அடுத்த பூட்டில் ரூட்டர் எதுவும் நடவாததுபோல் நிற்கும். அல்லது மீண்டும் முதலிலிருந்து பார்மட் செய்யத் தொடங்கும்.

எனவே வட்டு வேலையை 95க்குப் பின் ஓடும் தனி இனிட் ஸ்கிரிப்டாக வையுங்கள். அது பின்னணிக்குச் சென்று, மேல் அடுக்கு உண்மையிலேயே ஃபிளாஷுக்கு மாறிவிட்டதா என்பதை மவுண்ட் பட்டியலில் பார்த்த பிறகு, வட்டு தென்படும்வரை காத்திருக்கட்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் பார்மட், அடுத்து நகல், அடுத்து நகலுக்குள் இருக்கும் எஃப்எஸ்டேப்பில் திருத்தம், பிறகு எழுதியவை வட்டை எட்டுவதை உறுதிசெய்யும் சிங்க் கட்டளை, எல்லாவற்றுக்கும் கடைசியாக உள் ஃபிளாஷில் இருக்கும் எஃப்எஸ்டேப்பில் திருத்தம். இப்படி வைத்தால், இடையில் எந்த நொடியில் மின்சாரம் போனாலும் ரூட்டர் பழைய நிலையிலேயே எழுந்திருக்கும். பெரும்பாலான வழிகாட்டிகள் எஃப்எஸ்டேப்பை முதலில் எழுதச் சொல்கின்றன. ஆள் பக்கத்தில் அமர்ந்து செய்யும்போது அதனால் கெடுதல் இல்லை. ஆளில்லாமல் ஓடும் ஸ்கிரிப்டுக்கு அது பொருந்தாது.

எஸ்டிஏ என்ற பெயரை நம்ப வேண்டாம். ஹப் வழியாக இரண்டு வட்டுகள் இருந்தால் எது எஸ்டிஏ, எது எஸ்டிபி என்பது அந்தந்த பூட்டில் எது முந்திக்கொள்கிறது என்பதைப் பொறுத்தது. எஃப்எஸ்டேப்பில் எப்போதும் யூயூஐடி மட்டுமே இருக்க வேண்டும்.

#3 செப்புக்கம்பி

இமேஜ் பில்டரைக் கணினியில் நிறுவாமலேயே இதைச் செய்யலாம். ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஃபெர்ம்வேர் செலக்டர் பக்கத்தில் கூடுதல் பேக்கேஜ்களைக் குறிப்பதற்கு ஒரு பெட்டியும், முதல் பூட்டில் ஓட வேண்டிய ஸ்கிரிப்டுக்கு ஒரு பெட்டியும் உள்ளன. அந்த இரண்டாம் பெட்டியில் எழுதுவது யூசிஐ-டிஃபால்ட்ஸாகவே இமேஜுக்குள் செல்கிறது என்பதால், மேலே அடுக்கு சொன்ன நேரச் சிக்கல் அதற்கும் உண்டு. அந்த ஸ்கிரிப்ட் ஓர் இனிட் கோப்பை எழுதி அதை இயக்கநிலையில் வைத்துவிட்டு 0 என்று முடிந்தால் போதும். கோப்புகள் பல என்றால் இமேஜ் பில்டரில் 'ஃபைல்ஸ்' அடைவைப் பயன்படுத்துவதே சுத்தமான வழி.

#4 மூன்றாம்பிறை

நேரச் சிக்கலைத் தீர்ப்பது எளிது. எனக்கு உடன்பாடில்லாதது "செருகியவுடன் பார்மட்" என்னும் அடிப்படைக் கருத்தே.

ரூட்டரின் யூஎஸ்பி போர்ட் என்பது எல்லோர் கையும் எட்டும் இடம். யாரோ ஒருவர் ஒரு கோப்பைப் பகிர்வதற்காகத் தம் ஹார்ட் டிஸ்க்கை அதில் செருகுவார். கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்யலாம் என்று செருகுவாரும் உண்டு. அந்த நேரத்தில் ஒரு மின்தடை வந்து ரூட்டர் மறுதொடக்கம் ஆனால், உங்கள் ஸ்கிரிப்ட் எக்ஸ்ட்ரூட் இல்லை என்பதைக் கண்டு, கிடைத்த வட்டைத் தனதாக்கிக்கொள்ளும். வட்டின் உரிமையாளருக்கு எதுவுமே தெரியாது. ரூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும் மீண்டும் ஃபிளாஷ் செய்து சரிசெய்துவிடலாம். அழிந்த கோப்புகளுக்கு அந்த வழி இல்லை. ஆகவே பார்மட் என்பது மனிதர் ஒருவர் "செய்" என்று சொன்ன பிறகே நடக்க வேண்டும் என்பது என் கருத்து.

#5 கம்பிமுனை

நியாயமான அச்சம்தான். ஆனால் "செய்" என்று சொல்வது எப்படி? அங்கிருப்பவர்களை இணையப் பக்கத்தில் நுழைந்து ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லலாம். அதற்கு நிர்வாகக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டிவரும், அதை நான் விரும்பவில்லை. வட்டு காலியாக இருந்தால் மட்டும் பார்மட் செய்யலாமா? வட்டுகளின் விவரத்தைக் காட்டும் பிளாக் இன்ஃபோ கட்டளை எதையும் காட்டாவிட்டால் அது காலி என்று எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

#6 அடுக்கு

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. பிளாக் இன்ஃபோ தனக்குத் தெரிந்த சில கோப்பு முறைமைகளை மட்டுமே அடையாளம் காணும். முழு வட்டையும் மறையாக்கம் செய்து வைத்திருப்பவரின் வட்டில் அடையாளம் காணத்தக்க தலைப்பகுதியே இல்லாமல் இருக்கலாம். "எனக்குத் தெரியவில்லை" என்பதும் "காலியாக இருக்கிறது" என்பதும் வேறு வேறு. முதல் ஒரு எம்பி முழுவதும் பூஜ்யமாக இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது இன்னும் நம்பகமான சோதனை. ஆயினும் புதிதாக வரும் பென்டிரைவ்கள் ஏற்கெனவே ஃபேட்32இல் பார்மட் செய்யப்பட்டே வருகின்றன என்பதால், அந்தச் சோதனையில் தேறும் வட்டு நடைமுறையில் கிடைக்காது.

மூன்றாம்பிறை கேட்கும் சம்மதத்தை வட்டின் பெயரிலேயே வைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. எந்தக் கணினியிலும் பென்டிரைவை வலச்சொடுக்கி அதன் பெயரை மாற்ற முடியும். அதற்குக் கட்டளைச் சாளரம் வேண்டாம், ரூட்டரின் கடவுச்சொல்லும் வேண்டாம். யாரும் தற்செயலாக வைத்திராத ஒரு பெயரை முடிவுசெய்துகொள்ளுங்கள். ஃபேட்32 வட்டின் பெயர் 11 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பிளாக் இன்ஃபோ அந்தப் பெயரைத் தலைப்பகுதியிலிருந்து நேரடியாகப் படித்துக் காட்டுகிறது. ஃபேட் கோப்பு முறைமைக்கான கெர்னல் மாட்யூல் ஃபிளாஷில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெரிய வட்டுகள் எக்ஸ்ஃபேட்டில் வருவதுண்டு; அவற்றையும் உங்கள் பதிப்பு படிக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இந்த வழியில் இரண்டு நன்மைகள் கூடவே வருகின்றன. முதலாவது, வட்டைப் பிரிக்கத் தேவையில்லை. அந்தப் பெயர் கொண்ட பார்ட்டிஷனை மட்டும் இஎக்ஸ்டி4 ஆக மாற்றினால் போதும் என்பதால் எஃப்டிஸ்க், பார்ட்டெட் போன்றவை ஃபிளாஷில் இடம் பிடிக்க வேண்டியதில்லை. இஎக்ஸ்டி4 பார்மட் செய்யும் ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் மட்டும் போதும். அதே வட்டில் வேறு பார்ட்டிஷன் இருந்தால் அதற்கும் ஆபத்து இல்லை. பார்ட்டிஷன் அட்டவணையில் வகை இன்னும் ஃபேட் என்றே இருக்கும். லினக்ஸ் அதைப் பொருட்படுத்தாது. விண்டோஸ் கணினியில் செருகினால்தான் "பார்மட் செய்யட்டுமா" என்று கேட்கும்; "வேண்டாம்" என்று சொல்லும்படி அங்கிருப்பவர்களிடம் சொல்லிவையுங்கள்.

இரண்டாவது நன்மைதான் எனக்கு அதிகம் பிடித்தது. பார்மட் செய்யும்போது வட்டுக்கு வேறொரு பெயரைக் கொடுத்துவிடுங்கள். அப்போது சம்மதம் தானாகவே செலவாகிவிடுகிறது. எக்ஸ்ட்ரூட் ஏதோ காரணத்தால் மவுண்ட் ஆகாமல் போனாலும், ஸ்கிரிப்ட் மீண்டும் ஓடும்போது அந்தப் பழைய பெயர் இருக்காது. எனவே பார்மட், மறுதொடக்கம், பார்மட், மறுதொடக்கம் என்று முடிவில்லாமல் சுற்றும் பேராபத்து இல்லை. அதற்கென்று தனியாகக் குறிப்புக் கோப்போ எண்ணிக்கையோ வைக்க வேண்டியதில்லை.

#7 மூன்றாம்பிறை

இதற்கு என் ஆட்சேபம் இல்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்தப் பெயருடன் ஒன்றுக்கு மேற்பட்ட பார்ட்டிஷன்கள் தென்பட்டால் ஸ்கிரிப்ட் எதையும் தொடாமல் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு நிற்கட்டும்.

#8 இரவுக்காவல்

எல்லோரும் வட்டு வரும் நேரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வட்டு போகும் நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது வட்டு பிடுங்கப்பட்டால், ரேமில் ஏற்கெனவே இருக்கும் நிரல்கள் சிறிது நேரம் தொடரும். பிறகு ஒவ்வொன்றாக உள்ளீட்டு, வெளியீட்டுப் பிழைகளுடன் விழும். மறுதொடக்கம்தான் வழி. மறுதொடக்கத்தில் வட்டு கிடைக்காவிட்டால் ரூட்டர் உள் ஃபிளாஷின் மேல் அடுக்குக்குத் திரும்புகிறது. இதைப் பாதுகாப்பு வசதி என்று பலரும் பாராட்டுவார்கள். ஆனால் அந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எக்ஸ்ட்ரூட் அமைந்த நாளுக்குப் பின் நீங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் வட்டில் உள்ளன. ஃபிளாஷில் இருப்பது அந்த நாளின் அமைப்பு. தானியங்கி ஸ்கிரிப்ட் முதல் பூட்டிலேயே வேலையை முடித்துவிட்டால், ஃபிளாஷில் இருப்பது ஓப்பன்டபிள்யூஆர்டியின் தொடக்க அமைப்பேதான்: முகவரி 192.168.1.1, ரூட் பயனருக்குக் கடவுச்சொல் இல்லை, வைஃபை அணைந்திருக்கும், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் இயங்கும். அந்த ரூட்டர் வேறொரு ரூட்டருக்குப் பின்னால் வெறும் அக்சஸ் பாயிண்டாக இருந்திருந்தால், வட்டு பழுதான அன்று அது கடவுச்சொல் இல்லாத, போட்டி டிஹெச்சிபி சர்வராக எழுந்து நிற்கக்கூடும். ஒரு பென்டிரைவ் செத்ததால் முழு வலையமைப்பும் குழம்பிப்போகலாம்.

எனவே தானியங்கி அமைப்பின் பாதி வேலை இந்தத் திரும்பும் நிலையைச் சரியாக வைப்பதுதான். உள் ஃபிளாஷின் மேல் அடுக்கை ஆர்டபிள்யூஎம் என்னும் அடைவில் மவுண்ட் செய்யும்படி எஃப்எஸ்டேப்பில் இன்னொரு பதிவைச் சேர்த்தால், எக்ஸ்ட்ரூட் ஓடும்போதும் அங்கே எழுத முடியும். நெட்வொர்க், வயர்லெஸ், ஃபயர்வால், சிஸ்டம், டிராப்பேர் (எஸ்எஸ்ஹெச் சர்வர்) ஆகியவற்றின் அமைப்புக் கோப்புகளையும், கடவுச்சொல் இருக்கும் ஷேடோ கோப்பையும், எஸ்எஸ்ஹெச் சாவிகளையும் மாற்றம் நிகழும்போதெல்லாம் அங்கே நகலெடுத்து வையுங்கள்.

டிஹெச்சிபி கோப்பை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்காதீர்கள். வட்டில் இருக்கும் டிஎன்எஸ் சர்வருக்குக் கேள்விகளை அனுப்பும்படி டிஎன்எஸ்மாஸ்க்கை (டிஎன்எஸ், டிஹெச்சிபி இரண்டையும் கவனிக்கும் நிரலை) அமைத்திருந்தால், வட்டில்லாத நாளில் கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். இணைப்பு இருந்தும் ஒரு பக்கமும் திறக்காது. திரும்பும் நிலைக்கான டிஹெச்சிபி கோப்பைத் தனியாக எழுதி வைப்பதே சரி.

#9 கம்பிமுனை

இந்தக் கோணம் எனக்கு மிகவும் பயன்படும். என் ரூட்டர்களில் டிஎன்எஸ் சர்வரான அன்பவுண்ட் வட்டில்தான் இருக்கிறது. டிஎன்எஸ்மாஸ்க் அதனிடம்தான் கேட்கிறது. நல்லவேளையாகச் சொன்னீர்கள்.

அடுத்த கேள்வி: புதிய வட்டில் எக்ஸ்ட்ரூட் எழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பேக்கேஜ்கள் அதில் இருக்காதே? அவற்றையும் ஸ்கிரிப்டே நிறுவ வேண்டும் அல்லவா?

#10 அடுக்கு

ஆம், அது இரண்டாம் கட்டம். எக்ஸ்ட்ரூட் எழுந்த பிறகு ஓட வேண்டியது. ஓவர்லே எந்தச் சாதனத்தில் மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பார்த்து, யூஎஸ்பி வட்டாக இருந்தால் மட்டும் அது தொடங்க வேண்டும்.

இங்கே பலரும் தடுக்கி விழும் இடம் கடிகாரம். பெரும்பாலான ரூட்டர்களில் மின்கலத்துடன் கூடிய கடிகாரம் கிடையாது. பூட் ஆனதும் ஓப்பன்டபிள்யூஆர்டி ஈடிசி அடைவில் மிகப் புதிய கோப்பின் தேதியை எடுத்து நேரமாக வைத்துக்கொள்கிறது; பிறகு என்டிபி (இணையத்தில் நேரம் பெறும் நெறிமுறை) வழியாகச் சரிசெய்துகொள்கிறது. நேரம் பின்தங்கியிருக்கும்போது ஹெச்டிடிபிஎஸ் வழியாகப் பேக்கேஜ் பட்டியலை இறக்க முயன்றால், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று சொல்லி இணைப்பு மறுக்கப்படலாம். இணையம் வந்துவிட்டதா என்று பிங் செய்து பார்ப்பது போதாது. என்டிபி ஹாட்பிளக்கில் (நேர நிகழ்வு வரும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளுக்கான இடத்தில்) ஒரு சிறு ஸ்கிரிப்டை வைத்து, நேரம் சரியானது என்ற அறிவிப்பு வந்த பிறகே பேக்கேஜ் நிறுவலைத் தொடங்குங்கள். எல்லாம் முடிந்த பிறகு அந்த ஸ்கிரிப்ட் தன்னைத்தானே அழித்துக்கொள்ளட்டும். பாதியில் நின்றால் அடுத்த பூட்டில் தொடரட்டும்.

24.10 பதிப்பு வரை பேக்கேஜ் மேலாளர் ஓபிகேஜி. 2024இன் இறுதியில் வளர்ச்சிக் கிளை ஏபிகேக்கு மாறிவிட்டது. கட்டளைகளின் எழுத்துவடிவம் வேறு என்பதால், எது இருக்கிறது என்று பார்த்து அழைக்கும்படி எழுதிவிட்டால் பின்னால் திருத்த வேண்டியிருக்காது.

#11 செப்புக்கம்பி

ஃபெர்ம்வேர் மேம்படுத்தலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் "எக்ஸ்ட்ரூட் காணாமல் போய்விட்டது" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது.

எக்ஸ்ட்ரூட் முதன்முறை மவுண்ட் ஆகும்போது, எந்த ரூட்டுடன் அது இணைந்தது என்பதை ஈடிசி அடைவில் புள்ளியில் தொடங்கும் மறைகோப்பு ஒன்றில் எழுதி வைக்கிறது. எக்ஸ்ட்ரூட்-யூயூஐடி என்பது அதன் பெயர். புதிய ஃபெர்ம்வேரை எழுதியதும் ரூட்டின் யூயூஐடி மாறிவிடும். அடுத்த பூட்டில் இரண்டும் பொருந்தாததால் வட்டு மவுண்ட் செய்யப்படாது. லாகில் யூயூஐடி பொருந்தவில்லை என்ற வரியும், அதில் இரண்டு எண்களும் இருக்கும். வட்டை வேறிடத்தில் மவுண்ட் செய்து அந்தக் கோப்பை அழித்தால் மீண்டும் இணைந்துவிடும்.

ஆனால் அப்படி இணைப்பது நல்லதா என்றால், பதிப்பு மாறியிருக்கும்போது நல்லதல்ல என்பேன். வட்டில் இருக்கும் கெர்னல் மாட்யூல்கள் பழைய கெர்னலுக்கு உரியவை. 23.05இல் கெர்னல் 5.15, 24.10இல் 6.6. பழைய மாட்யூல் புதிய கெர்னலில் ஏறாது. பழைய நூலகங்களோ புதியவற்றின் மேல் படிந்து அவற்றை மறைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பொருந்தாமைச் சோதனை தொல்லையாகத் தோன்றினாலும் உண்மையில் ரூட்டரைக் காப்பாற்றுகிறது. தானியங்கி ஸ்கிரிப்ட் இந்தச் சோதனையைத் தந்திரமாகத் தாண்டிச் செல்லும்படி எழுதப்பட்டிருப்பதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன்; அதை அப்படியே எடுத்துப் பயன்படுத்த வேண்டாம்.

மேம்படுத்தலின்போது செய்ய வேண்டியது: எக்ஸ்ட்ரூட்டுக்குத் தேவையான பேக்கேஜ்கள் உள்ளே இருக்கும் இமேஜை எழுதுங்கள், வட்டுக்கு மீண்டும் சம்மதப் பெயரைக் கொடுங்கள், முதல் முறை நடந்ததே மறுபடி நடக்கட்டும். அமைப்புக் கோப்புகள் மேம்படுத்தும் கருவியான சிஸ்அப்கிரேட் வழியாகப் புதிய ஃபிளாஷுக்கு வந்துவிடும் என்பதால் புதிய வட்டுக்கும் அவையே நகலாகும். அமைப்புடன் பழைய எஃப்எஸ்டேப்பும் கூடவே வரும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்கிரிப்ட் பழைய எக்ஸ்ட்ரூட் பதிவைப் புதிய யூயூஐடியால் மாற்ற வேண்டுமே தவிர, இன்னொரு பதிவைக் கீழே சேர்க்கக் கூடாது.

#12 நடுவாசல்

இழையைப் படித்ததும் ஓர் ஐயம். இவ்வளவு பாடு தேவையா? யூஎஸ்பி வட்டில் கோப்புகளைப் பகிர மட்டும் விரும்புகிறவர்களும் எக்ஸ்ட்ரூட் அமைக்க வேண்டுமா?

#13 இரவுக்காவல்

வேண்டாம், நடுவாசல். கோப்புப் பகிர்வுக்கு வட்டைச் சாதாரணமாக மவுண்ட் செய்து கோப்புப் பகிர்வு சர்வரான கேஎஸ்எம்பிடியை நிறுவினால் போதும். அதே வேலைக்கான சம்பா4ஐ விட அது மிகச் சிறியது. எஃப்எஸ்டேப்பின் பொதுப் பகுதியில், தனிப் பதிவில்லாத வட்டுகளையும் மவுண்ட் செய்யும் அனான்-மவுண்ட் மதிப்பை இயக்கி வைத்தால், செருகும் வட்டு தானே மவுண்ட் ஆகிவிடும். வட்டை எடுத்தாலும் ரூட்டருக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பயன்பாட்டுக்கு வட்டு எந்தக் கோப்பு முறைமையில் இருந்தாலும், அதற்கான மாட்யூல் இருந்தால் சரி. எக்ஸ்ட்ரூட்டுக்கோ ஃபேட் வகைகள் ஒருபோதும் ஆகா. குறியீட்டு இணைப்புகளும் அனுமதி விவரங்களும் ஓவர்லேஎஃப்எஸ்ஸுக்குத் தேவையான நீட்டிப்புப் பண்புகளும் அவற்றில் இல்லை. இஎக்ஸ்டி4 அல்லது எஃப்2எஃப்எஸ் வேண்டும்.

ஓரிரு பெரிய பேக்கேஜ்கள் மட்டும் ஃபிளாஷில் அடங்கவில்லை என்றால், முதலில் இமேஜ் பில்டரில் அவற்றை இமேஜுக்குள்ளேயே சேர்த்துப் பாருங்கள். ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸின் சுருக்கத்தால், பின்னால் நிறுவும்போது அடங்காதவை உள்ளே அடங்கிவிடுவது உண்டு. அதற்கும் மேல் தேவைப்படுகிறவர்களுக்குத்தான் எக்ஸ்ட்ரூட். கம்பிமுனை அந்த வகை.

#14 மூன்றாம்பிறை

வன்பொருள் பற்றி இரண்டு வார்த்தை. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் தருவதற்கே வரையறுக்கப்பட்டது, சுழலும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் தொடங்கும் கணத்தில் அதைவிட அதிகம் கேட்கும். வட்டு சில நாள் எழும், சில நாள் எழாது என்றால் ஸ்கிரிப்டைத் தோண்டுவதற்குமுன் தனி மின்சாரமுள்ள ஹப்பை வைத்துப் பாருங்கள். யூஎஸ்பி 3.0 உள்ள ரூட்டர்களில், அதன் சமிக்ஞை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இரைச்சலை ஏற்றும்; இன்டெல் 2012இலேயே இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. வட்டைச் செருகியதும் வைஃபை தளர்ந்தால் நல்ல கவசமுள்ள நீட்டிப்புக் கம்பியில் வட்டை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள்.

இன்னொன்று: வயர்லெஸ் அமைப்புக் கோப்பில் வைஃபை கடவுச்சொல் மறைக்கப்படாமல் அப்படியே எழுதப்பட்டிருக்கும். பழுதான பென்டிரைவை அங்கிருப்பவர்கள் குப்பையில் போடாமல் உங்களிடம் திருப்பித்தரச் சொல்லுங்கள்.

#15 கம்பிமுனை

அனைவருக்கும் நன்றி. இப்போது என் ஸ்கிரிப்ட் இவ்வாறு அமைகிறது. வரிசை எண் 99 கொண்ட இனிட் ஸ்கிரிப்ட் பின்னணியில் ஓடும். ஓவர்லே ஏற்கெனவே யூஎஸ்பியில் இருந்தால் உடனே வெளியேறும். இல்லையென்றால் ஃபிளாஷ் அடுக்கு தயாராகும்வரை காத்து, சம்மதப் பெயருள்ள ஒரே ஒரு பார்ட்டிஷன் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் வேறு பெயருடன் பார்மட், நகல், நகலுக்குள் இருக்கும் எஃப்எஸ்டேப், சிங்க், உள் எஃப்எஸ்டேப், மறுதொடக்கம் என்ற வரிசையில் செல்லும். பேக்கேஜ்களை என்டிபி அறிவிப்புக்குப் பின் நிறுவும். திரும்பும் நிலைக்கான டிஹெச்சிபி கோப்பு தனியாக இமேஜிலேயே இருக்கும்.

சோதனையில் ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. நேரடியாகச் செருகிய பென்டிரைவ் ஒவ்வொரு முறையும் எழுகிறது. ஹப் வழியாகச் செருகிய எஸ்எஸ்டி மட்டும் பூட்டில் பிடிபடுவதில்லை. பூட் முடிந்த பிறகு பிளாக் இன்ஃபோவில் அது சரியாகத் தெரிகிறது; யூயூஐடியும் பொருந்துகிறது.

#16 அடுக்கு

தொடக்கக் கட்டம் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஹப்பும் அதற்குப் பின்னால் எஸ்எஸ்டியை யூஎஸ்பியுடன் இணைக்கும் சில்லும் எழுந்து பதில் சொல்வதற்குள் மவுண்ட்ரூட் முடிவெடுத்துவிடுகிறது. எஃப்எஸ்டேப்பின் பொதுப் பகுதியில் டிலே-ரூட் என்னும் மதிப்பை 15 என்று வையுங்கள். அது விநாடிக் கணக்கு. வட்டு முதலிலேயே தென்பட்டால் பூட் காத்திராமல் தொடரும், எனவே நேரடியாகச் செருகிய வட்டுக்கு இதனால் இழப்பில்லை. வட்டு இல்லாத நாளில் அந்த 15 விநாடி கூடுதலாகும். இந்த மதிப்பு உள் ஃபிளாஷில் இருக்கும் எஃப்எஸ்டேப்பில் இருக்க வேண்டும். வட்டில் இருக்கும் நகலில் மட்டும் எழுதினால் அதைப் படிக்க ஆளில்லை. அதையும் இமேஜின் 'ஃபைல்ஸ்' அடைவிலேயே சேர்த்துவிடுங்கள்.